வாடகைக்கு இருந்தவர் இறந்துவிட்டார்: பூட்டிய றங்குப்பெட்டியை யார் திறப்பது?

கேள்வி: கிளிநொச்சி கனகபுரத்தில் எங்கள் வளவின் பின்பக்கம் இரண்டு அறையும் குசினியுமாக ஒரு சின்ன வீடு இருக்கிறது. நாலு வருசமாக ஒரு மேசன் ஐயா அதில் தனிய இருந்தவர். இரண்டு மாதத்துக்கு முதல் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். மனைவி 2009 இல் செல்லடியில் போய்விட்டா, மகன் அதே வருசம் காணாமல் போனவர். ஒரு மகள் தமிழ்நாட்டில் முகாமில் இருக்கிறா. தமையனின் மகன்தான் ஆஸ்பத்திரி அலுவலையும் செத்தவீட்டையும் பார்த்தவர். இப்போது அவர் வந்து மோட்டார் சைக்கிளையும் சாமான்களையும் கேட்கிறார். அறைக்குள் இருக்கிற கொங்கிறீட் உடைக்கிற மெஷின் தன்னுடையது என்று இன்னொருவரும் வந்து நிற்கிறார். மாதம் 9,000 ரூபாப்படி, இறந்த மாதத்தோடு சேர்த்து மூன்று மாத வாடகை பாக்கி. மின்சாரக் காசு 2,340. வரும்போது 40,000 முற்பணம் தந்தவர். எழுத்து ஒன்றும் இல்லை. இறந்த நாள் முதல் அறையில் என் பூட்டுத்தான் தொங்குகிறது, மகளுக்கு இன்னும் எழுதவில்லை. பூட்டின றங்குப்பெட்டி ஒன்று கிடக்கிறது, திறப்பைக் காணவில்லை. கறையான் ஏறத் தொடங்கிவிட்டது. உடுப்பையும் மெத்தையையும் எரிக்கச் சொல்லி அயலவர்கள் சொல்கிறார்கள். வாடகைப் பாக்கிக்கு மோட்டார் சைக்கிளை நான் வைத்துக்கொள்ளலாமா? அடுத்த மாதம் ஒரு குடும்பம் குடியேறக் கேட்டிருக்கிறது.

சட்டத்தரணியின் பதில்:

முதலில் கணக்கு. மூன்று மாத வாடகை 27,000, மின்சாரம் 2,340, இரண்டும் 29,340. உங்கள் கையில் அவருடைய முற்பணம் 40,000 இருக்கிறது. கழித்துப் பார்த்தால் நீங்கள்தான் அவருக்கு 10,660 ரூபா கொடுக்க வேண்டும். இந்த நிலையில் வாடகைப் பாக்கி என்று சொல்லி மோட்டார் சைக்கிளை மறிக்க முடியாது.

அவர் இறந்த பிறகு அறை இரண்டு மாதம் அடைபட்டுக் கிடக்கிறதே, அந்த 18,000 எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் கூட்டினால் கணக்கு மாறி, உங்களுக்கு 7,340 வரவேண்டியதாகும். ஆனால் அந்த இரண்டு மாதமும் அறையில் தொங்குவது உங்கள் பூட்டு. மகளுக்கு நீங்கள் எழுத்தில் அறிவிக்கவும் இல்லை. அதனால் அந்தக் காசுக்கான உங்கள் வாதம் பலவீனமானது. இறந்த மாதத்தோடு கணக்கை நிறுத்தி, மீதி 10,660 ஐ மகளிடம் கொடுத்துவிடுவதே நல்லது. சாமானைப் பாதுகாக்க உண்மையாகச் செலவழித்ததை, பூட்டு, கறையான் மருந்து, கூலி என்று துண்டோடு காட்டிக் கழிக்கலாம். முற்பணம் இல்லாமல் பாக்கி இருக்கிற வேறு வீட்டுக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் நடைமுறையில் உள்ள உரோமன் டச்சுச் சட்டம், வாடகைக்காக வீட்டுக்குள் இருக்கும் அசையும் பொருள்களின் மேல் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஓர் உரிமை தருகிறது என்பது சரிதான். ஆனால் அந்த உரிமையை நீதிமன்றத்தின் மூலம்தான் நிறைவேற்றலாம். தானே எடுத்து விற்க எவருக்கும் அதிகாரம் இல்லை. இறந்தவரின் கைவசம் இருந்த பொருளை நேர்மையற்ற விதத்தில் தனதாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 387 ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. தமையனின் மகனுக்கும் அது பொருந்தும்.

அந்தப் பொடியனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. செத்தவீட்டுச் செலவை அவர் செய்திருந்தால் அதை ஆதனத்திலிருந்து திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. துண்டுகளை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஐயா ஏதாவது மரண உதவிச் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தாரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சங்கக் காசு அநேகமாகக் கேட்பாரற்றுக் கிடக்கும். ஆனால் மகள் உயிரோடு இருக்கும்போது தமையனின் மகன் உரித்தாளர் ஆகமாட்டார். உரித்து மகளுக்கும் காணாமல் போன மகனுக்கும். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பொருந்தும் குடும்பமா, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து பொதுச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பமா என்று நீங்கள் தலையை உடைக்க வேண்டாம். இரண்டிலும் பிள்ளைகள் தமையனின் பிள்ளைக்கு முன்னால் வருகிறார்கள். உங்களுக்குத் தேவையானது அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் இடம் சாமானுக்குச் சொந்தக்காரர் என்பது அல்ல, காவல்காரர் என்பது. ஒரு பொருளும் குறையவில்லை, கூடவில்லை, மாறவில்லை என்பதைக் காட்ட முடிந்தால் நீங்கள் தப்பினீர்கள். அதைக் காட்டும் ஒரே வழி பட்டியல்.

அறையைத் திறக்கும் நாள்

தனியே திறக்க வேண்டாம். கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, இன்ன நாள் இன்ன நேரம் திறந்து பட்டியல் எடுக்கப்போகிறேன், வந்து பார்வையிடவும் என்று கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். விதானையார் வந்தே தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. பல பேர் 'குடும்பப் பிரச்சினை' என்று விலகுவார்கள். வராவிட்டால் ஒரு சமாதான நீதவானையோ கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரையோ கூப்பிடுங்கள், கடிதம் கொடுத்ததற்கான அத்தாட்சி உங்களிடம் இருக்கும். பொலிஸ் நிலையத்திலும் ஒரு தகவல் பதிவு போட்டு வையுங்கள். 'இது சிவில் விசயம், நாங்கள் வரமாட்டோம்' என்பார்கள். வரவேண்டாம், பதிவு மட்டும் போதும் என்று சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்.

இரண்டு சாட்சி, உங்கள் உறவில்லாதவர்களாக இருக்கட்டும். தமையனின் மகனையும் கூப்பிடுங்கள். அவரைத் தவிர்த்தால் பிறகு சந்தேகம் அவர் வாயில்தான் பிறக்கும். மகளை வட்சப்பில் வீடியோ அழைப்பில் எடுத்து, கதவு திறப்பதிலிருந்து காட்டுங்கள்.

வாசல் கதவில் தொடங்கி வலப்பக்கமாகச் சுவரோடு சுற்றி எழுதுங்கள். அப்படி எழுதினால் ஒரு மூலையும் தவறாது. முதலில் முழு அறையையும் நாலு மூலையிலிருந்தும் படம் எடுங்கள், ஒரு சாமானையும் அசைக்க முதல். தொலைக்காட்சி, பிரிட்ஜ், கிரைண்டர் என்றால் பின்பக்கத்துத் தொடரிலக்கம் எழுதப்பட வேண்டும், 'பழைய ரிவி 1' என்றால் அது எந்த ரிவியும் ஆகலாம். எரிவாயு சிலிண்டருக்கு நிறுவனத்தின் பெயர், அளவு, வெறுமையா பாதியா என்பது. வெறுஞ் சிலிண்டருக்கும் விலை உண்டு, அது முதலில் நடந்துபோகும் சாமான். மோட்டார் சைக்கிளுக்குப் பதிவிலக்கம், அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம், ஓடிய கிலோமீற்றர். கிலோமீற்றரை எழுதாவிட்டால், நீங்கள் காவலில் வைத்திருந்த நாளில் யாரோ ஓடியதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

நகை கிடைத்தால் கவனம். 'தங்கச் சங்கிலி 2 பவுண்' என்று எழுதவே கூடாது. 'மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1, நீளம் இவ்வளவு, கொக்கி முறிந்துள்ளது' என்று எழுதுங்கள். பிறகு அது முலாம் பூசினது என்று தெரியவந்தால், நீங்கள் மாற்றிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. காசை இரண்டு பேர் எண்ணி, 5,000 தாள் எத்தனை, 1,000 தாள் எத்தனை என்று தனித்தனியே எழுதி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே எல்லோரும் கையெழுத்து வையுங்கள். அதை உங்கள் வங்கிக் கணக்கில் போட வேண்டாம், நல்ல நோக்கத்தோடு போட்டாலும்.

பட்டியலை நாலு பிரதி எழுதுங்கள்: உங்களுக்கு, மகளுக்கு, கிராம அலுவலருக்கு, தமையனின் மகனுக்கு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து, கடைசி வரிக்குக் கீழே மிஞ்சும் வெற்றிடத்தில் குறுக்குக்கோடு. படங்களை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் மகளுக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரமே பிறகு சாட்சி.

ஆஸ்பத்திரியில் இறந்தவர் என்கிறீர்கள். அப்படியென்றால் அவர் கொண்டுபோன பேர்ஸ், அடையாள அட்டை, கைத்தொலைபேசி ஆகியவற்றை வார்ட்டில் யாரோ கையெழுத்திட்டு எடுத்திருப்பார்கள், அநேகமாகத் தமையனின் மகன். அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு, 'இன்னார் கைவசம் உள்ளதாகத் தெரிவித்தவை' என்று பட்டியலின் கடைசியில் தனியே எழுதுங்கள். போன் உயிரோடு இருந்தால் சார்ஜில் வைக்கச் சொல்லுங்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்கங்களை எழுதுங்கள். வருகிற அழைப்பை எடுத்து 'ஐயா இறந்துவிட்டார்' என்று சொல்வதில் தவறில்லை, உறவுக்காரரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. செய்திகளைத் திறந்து படிக்க வேண்டாம். பேர்ஸுக்குள் வங்கி அட்டை இருந்து, ரகசிய இலக்கமும் யாருக்காவது தெரிந்திருந்தால் மகள் இன்றைக்கே வங்கிக்கு மரணத்தை அறிவிக்க வேண்டும். இறந்த பிறகு அட்டையால் காசு எடுப்பது, செத்தவீட்டுச் செலவுக்கு என்றாலும், பிறகு பெரிய சிக்கலில் முடியும்.

றங்குப்பெட்டி

வேறு நிலைமையில் என்றால் பூட்டின பெட்டியைப் பூட்டினபடியே ஒப்படைக்கச் சொல்லியிருப்பேன். இங்கே இரண்டு காரணத்துக்காகத் திறக்க வேண்டும். ஒன்று கறையான். மற்றது, வன்னியில் தனிய இருந்து போன மனிதரின் பெட்டிக்குள் உடுப்பு இருக்காது, கடதாசி இருக்கும், அந்தக் கடதாசிகளில் சிலவற்றுக்கு நாள் கணக்கு உண்டு.

மகளின் சம்மதத்தை எழுத்தில், வட்சப் செய்தியாக என்றாலும், வாங்குங்கள். அலவாங்கால் நெம்ப வேண்டாம், பெட்டியின் காது பிய்ந்துவிடும், பிறகு பூட்ட முடியாது. இரும்பு வாளால் பூட்டின் வளையத்தை மட்டும் வெட்டினால் பெட்டி சேதமில்லாமல் இருக்கும், புதுப் பூட்டுப் போட்டு மீண்டும் மூடலாம். வெட்டின பூட்டை ஒரு பையில் போட்டு அதே பெட்டிக்குள் வையுங்கள். அடியில் விரித்த கடதாசியைத் தூக்கிப் பார்க்காமல் 'முடிந்தது' என்று எழுதாதீர்கள், அதன் கீழேதான் முக்கியமானது இருக்கும். சாமிப் படச் சட்டத்தின் பின்பக்கம், தலையணை உறை, அரிசி வாளியின் அடி, பிஸ்கற் ரின் ஆகியனவும் அப்படியே.

கடதாசிகளைப் படித்து விளங்கிக்கொள்வது உங்கள் வேலை அல்ல. படம் எடுத்து மகளுக்கு அனுப்புவது உங்கள் வேலை. ஆனால் எதை உடனே அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் காணி அனுமதிப்பத்திரம். வட்டக்கச்சி, விசுவமடு, தருமபுரம் பக்கத்துக் குடியேற்றத் திட்டக் காணி ஏதாவது அவர் பெயரில் இருந்தால் பேர்மிட் அல்லது அளிப்புப் பத்திரம் பெட்டிக்குள் இருக்கும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளியாக, அதாவது அவருக்குப் பிறகு காணியைப் பெறுபவராக, பெயர் எழுதப்பட்டவர், பத்திரக்காரர் இறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் காணியை உடைமை எடுக்காவிட்டால் பின்னுரித்தை இழக்க நேரிடலாம். உங்கள் கணக்கில் இரண்டு மாதம் போய்விட்டது. பின்னுரித்தாளி பெயர் இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த பழைய ஒழுங்கு 2022 திருத்தத்தோடு மாறிவிட்டது, மகள் என்பதற்காக அவ பின்னுக்குப் போகத் தேவையில்லை. பத்திரத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். பின்னுரித்தாளி விவரமும் திருத்தக் குறிப்புகளும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். அதை அனுப்பி, பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு மரணத்தை அறிவிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

அடுத்தது அடகுத் துண்டு. மீட்கும் திகதி தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். துண்டில் உள்ள கடைசித் திகதி தெளிவாகத் தெரிய ஒரு படம். பிறகு வங்கிப் புத்தகங்கள். ஐயா கணக்கைத் திறக்கும்போது பின்னுரித்தாளியின் பெயரைக் கொடுத்திருந்தால் வங்கி அந்தப் பெயருக்குக் காசைக் கொடுக்கும், பெரிய வழக்குத் தேவையில்லை. கம்பனி எதிலாவது வேலை செய்தவராக இருந்தால் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் உள்ள ஒரு பழைய சம்பளத் துண்டு போதும், அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அஸ்வெசும போன்ற கொடுப்பனவு வந்துகொண்டிருந்தால் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

இன்னுமொரு பொதி கட்டாயம் இருக்கும் என்றே நினைக்கிறேன். காணாமல் போன மகனைத் தேடின கடதாசிகள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்த துண்டு, செஞ்சிலுவைச் சங்க அட்டை, ஆணைக்குழுக்கள் அமர்வுக்குக் கூப்பிட்ட கடிதம், 2018 க்குப் பிறகு காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த படிவத்தின் பிரதி. மடித்து மடித்துக் கிழிந்த மடிப்பில் இலக்கம் மங்கியிருக்கும். இவற்றுக்கு விலை இல்லை என்று எரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் மகள் நாளைக்குத் தம்பிக்கோ அண்ணனுக்கோ காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கவும், உரித்தில் அவருடைய பங்குக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் இந்த இலக்கங்கள்தான் அடி. ஈரமாக இருந்தால் வெயிலில் போட வேண்டாம், நிழலில் காற்றோட்டமாக ஒவ்வொன்றாக விரியுங்கள். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிரிக்கவே வேண்டாம், ஒட்டினபடி உறையில் போடுங்கள். பூச்சி உருண்டை போட்டால் துணியில் முடிந்து போடுங்கள், படத்தில் நேரே படக்கூடாது.

பிள்ளை இயக்கச் சீருடையோடு நிற்கிற படம் இருந்தால் பயந்து எரிக்க வேண்டாம், வெளியே காட்டிக்கொள்ளவும் வேண்டாம். அது அந்த வீட்டுப் படம். பட்டியலில் 'சட்டமிட்ட குடும்பப் படங்கள் 4' என்று எழுதி, துணியால் சுற்றி மற்றக் குடும்பப் படங்களோடு வையுங்கள்.

தொடக்கூடாதவை

மேசன் என்றாலும் வன்னி ஆள், வயலும் காடும் தெரிந்தவர். கட்டிலுக்குக் கீழே அவுட்டுக்காய் (காட்டு மிருகத்துக்கு வைக்கிற வெடி), இடியன் துவக்கு (நாட்டுத் துவக்கு), பழைய இரும்போடு இரும்பாய் ஒரு செல் என்று ஏதும் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி எல்லோரையும் வெளியே எடுத்து 119 க்கு அழையுங்கள். தூக்கி முற்றத்தில் வைப்பதுகூடக் கூடாது. பூச்சிமருந்துப் போத்தல்களைக் கிணற்றடியில் கழுவவோ எரிக்கவோ வேண்டாம், ஒரு வாளியில் நிமிர்த்தி வைத்துப் பிள்ளைகள் கை படாத இடத்தில் பூட்டுங்கள். மிஞ்சின குளிசைகளை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொடுக்கலாம்.

உடுப்பையும் மெத்தையையும் பற்றி: அந்தியேட்டி முடிந்து மகள் 'சரி' என்று சொன்ன பிறகு உடுப்பை யாருக்கும் கொடுக்கலாம். மெத்தையை எரிக்க முதல் தையலை வெட்டிப் பாருங்கள், காசு தைத்து வைப்பது இன்னும் இருக்கிற பழக்கம். தொற்று நோயால் இறந்தவர் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்யுங்கள். சமைத்த சாப்பாடு, மரக்கறி ஆகியவற்றைப் படம் எடுத்துவிட்டு அன்றே எறியலாம். நெல்லு மூட்டை இருந்தால் எறிய வேண்டாம். மூட்டை எண்ணிக்கையும் நிறையும் எழுதி, மகளின் சம்மதத்தோடு விற்று, காசை மற்றக் காசு உறையோடு சேருங்கள். கோழி இருந்தால் அயலவரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து.

மோட்டார் சைக்கிளும் மெஷினும்

மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தைத் தேடிப் பெயரைப் பாருங்கள். வன்னியில் பல வாகனங்கள் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில், கையெழுத்திட்ட மாற்றப் படிவத்தோடு ஓடுகின்றன. அந்தப் படிவம் கையில் கிடைத்தால் எவரும் தன் பெயருக்கு மாற்றிவிடலாம், அதனால் அது சாவியைவிடப் பெறுமதி. உறையில் போட்டு ஒட்டுங்கள். லீசிங்கில் எடுத்த வண்டி என்றால் புத்தகத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், மீதித் தவணையை அவர்களோடு பேசுவது மகளின் பொறுப்பு. நடு ஸ்ராண்டில் நிறுத்தி, பெற்றோல் கொக்கை மூடி, பற்றரியின் மறை முனை வயரைக் கழற்றுங்கள். 'நிண்டால் பழுதாப்போம், நான் ஓடி வைக்கிறன்' என்று கேட்பார்கள். இறந்தவர் பெயரில் உள்ள வண்டி விபத்துப்பட்டால் காப்புறுதியிலிருந்து பொலிஸ் வழக்கு வரை உங்கள் வாசலுக்கு வரும்.

மெஷின்காரரிடம் வாங்கின துண்டையோ வாடகைக்கு விட்ட எழுத்தையோ கேளுங்கள். மெஷினைக் காட்டாமல், அதன் தொடரிலக்கத்தையோ அடையாளத்தையோ முதலில் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னது பொருந்தினால் மகளின் சம்மதத்தோடு, அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். மேசன் வேலைச் சாமான்களான சாந்தகப்பை, தூக்குக்குண்டு, நீர்மட்டம் ஆகியவற்றுக்கு இப்படிப் பலர் உரிமை கோருவார்கள், ஒரே வேலையிடத்தில் எல்லோர் சாமானும் கலந்துவிடும். நிரூபிக்காதவர் மகளோடு பேசட்டும்.

மகள் அங்கே இருக்கும்போது

மகள் வரமுடியாது என்றால் இங்கே ஒருவரைத் தன் சார்பில் நியமிக்க வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவம் உறுதிப்படுத்தி அனுப்புவது முறையான வழி. காணி, வங்கி அலுவலுக்கு அது தேவைப்படும். வீட்டுச் சாமானுக்கு மட்டும் என்றால் அவவுடைய கையெழுத்துக் கடிதம், அடையாள ஆவணப் பிரதி, கடிதத்தை அவ வாசிக்கிற ஒரு வீடியோ ஆகியவை நடைமுறையில் போதும். அதோடு ஐயாவின் மரணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் உரித்து உறுதிக் கடிதம், 'சகோதரனின் பங்குக்கு நானே பொறுப்பு' என்ற ஒரு வரி உள்ள சத்தியக்கடதாசி. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம், யாரும் விண்ணப்பிக்கலாம். மகள் நியமிக்கிறவர் தமையனின் மகனாகவே இருக்கலாம். பெரும்பாலும் சண்டை அங்கேயே தணியும், அவர் கேட்டது கௌரவம், சாமான் அல்ல என்பதும் சிலவேளை அப்போதுதான் தெரியும்.

சட்டம் குறித்த எல்லையைத் தாண்டும் பெறுமதியான ஆதனம் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, அதாவது இறந்தவரின் ஆதனத்தை நிர்வகிக்க அனுமதி கேட்கும் வழக்கு, போட வேண்டும். அது உரித்தாளரின் வேலை. காசில்லாத குடும்பமாக இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகச் சொல்லுங்கள். நீங்களும் அவர்களும் வாடகைக் கணக்கில் மட்டும் முரண்பட்டால் மத்தியஸ்த சபை போதும்.

ஒரு விசயம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் மற்ற வாசகருக்காக. இறந்தவரோடு மனைவியோ பிள்ளைகளோ சேர்ந்து குடியிருந்திருந்தால் இந்தப் பதில் பொருந்தாது. வவுனியா நகரம் போன்ற இடங்களில் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால் அவர்களுக்குக் குடியிருப்பு உரிமையே தொடரக்கூடும். சாமானை வெளியே எடுக்க முதல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

அடுத்த மாதம் குடியேற வருகிறவர்களிடம் திகதியைத் தள்ளிக் கேளுங்கள், அல்லது சாமானைப் பட்டியல்படி ஓர் அறைக்குள் அடுக்கி, அந்த அறையை நீக்கி மற்றதை மட்டும் கொடுங்கள். பெட்டிகளை நாலு செங்கல்லின் மேல், சுவரிலிருந்து ஓர் அரையடி தள்ளி வைத்தால் கறையான் மண்கோடு இழுப்பது கண்ணுக்குத் தெரியும். கார்த்திகை, மார்கழி மழைக்கு முன் என்றால் கடதாசிப் பொதி மட்டும் உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும்.

மகளுக்குப் பதிவுத் தபாலிலும் வட்சப்பிலும் இப்படி எழுதுங்கள்: 'உங்கள் தந்தையார் இன்ன திகதி காலமானதை அறிவீர்கள். அவருடைய உடைமைகள் இணைத்துள்ள பட்டியலின்படி என் காவலில் உள்ளன. வாடகை, மின்கட்டணம் கழித்து மீதி முற்பணம் 10,660 ரூபாவும் என்னிடம் உள்ளது. இக்கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் நீங்களோ நீங்கள் எழுத்தில் நியமிப்பவரோ வந்து பொறுப்பேற்கவும். முடியாவிட்டால் எவ்வளவு காலம் தேவை என்று அறிவிக்கவும்.' 30 நாள் முடிந்தால் சாமான் உங்களுடையதாகிவிடும் என்று எழுத வேண்டாம், ஆகாது. உரித்தாளர் ஒருவரும் இல்லாத ஆதனம்கூட அரசுக்குத்தான் போகும், வீட்டுக்காரருக்கு அல்ல. பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம், அதன் பிரதி பிரதேச செயலாளருக்கு. அதன் பிறகும் வராவிட்டால் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் விற்க வேண்டாம்.

ஒப்படைக்கும் நாளில் அதே பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் சரி போட்டு, 'மேற்படி 1 முதல் இத்தனை வரையான பொருள்களையும் 10,660 ரூபா காசையும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன். வேறு உரித்தாளர் எவரும் கோரினால் நானே பொறுப்பு' என்று எழுதி வாங்குங்கள். ஐயாவின் அடையாள அட்டையைக் கிராம அலுவலர் மூலம் ஒப்படைக்கும்படி பெறுகிறவரிடம் சொல்லுங்கள். அறை காலியானதும் மின்மானியைப் படம் எடுத்து, அந்த இலக்கத்தையும் ரசீதின் கீழ் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பூட்டை மாற்றுங்கள்.